‘எங்கள் வீட்டில்’ என்று ஒரு தடவை தொடங்குங்கள்

காரைக்குடி, திருப்பத்தூர் தொகுதிகளில் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும், அவர்களை நிறுத்தும் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் காரைக்குடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுப் பெண். உங்களில் பலர் எங்கள் முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனவர்கள். சிலர் என் வகுப்பில் படித்தவர்களும்கூட. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். எந்தக் கட்சியையும் தனியாகக் குறிவைத்து இதை எழுதவில்லை. உங்கள் எல்லோரிடமும் ஒரே கோரிக்கை. அடுத்த தேர்தலுக்கு முன்னால் ஒரு தடவையாவது, எல்லாத் தெருக்காரர்களும் ஒரே இடத்தில் நின்று கேட்கிற மாதிரி, சாதியைப் பற்றி மனம் திறந்து பேசுங்கள். அதை உங்கள் சொந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

இது நடக்காத காரியம் என்று நினைப்பீர்கள். நடந்திருக்கிறது. அப்படிப் பேசிய ஓர் அரசியல்வாதியின் பேச்சை நான் வகுப்பறையில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

2008 மார்ச் 18, பிலடெல்பியா நகரம். அமெரிக்க அரசியல் சட்டத்தை 1787இல் உட்கார்ந்து எழுதிய ஊர் அது. பேசியவர் பராக் ஒபாமா, அப்போது செனட்டர். ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக யார் நிற்பது என்று ஹிலாரி கிளின்டனோடு கடும் போட்டி நடந்துகொண்டிருந்த நேரம். சிகாகோவில் ஒபாமா வருஷக்கணக்காகப் போய்வந்த தேவாலயத்தின் பாதிரியார் ஜெரமையா ரைட். கறுப்பர்களுக்கு அமெரிக்கா செய்த கொடுமைகளைச் சொல்லி, அந்த நாட்டையே சபித்து அவர் பேசிய பிரசங்கத் துண்டுகள் தொலைக்காட்சியில் இரவும் பகலும் ஓடின. அந்தப் பாதிரியார்தான் ஒபாமாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர், அவர் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். நம் ஊர் வழக்கப்படி என்றால் அன்று சாயங்காலமே ஓர் அறிக்கை வந்திருக்கும்: அது அவருடைய சொந்தக் கருத்து, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை.

ஒபாமா அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். அரசியல் சட்டம் எழுதியவர்களிலிருந்து ஆரம்பித்தார். சுதந்திரம் பேசிய அதே ஆட்கள், அடிமை வியாபாரத்தை இன்னும் இருபது வருஷத்துக்காவது விட்டுவைப்போம் என்று தீர்மானித்து, வருகிற தலைமுறை தலையில் கட்டிவிட்டுப் போனதைச் சொன்னார். பிறகு கறுப்பர் குடும்பங்களிடம் ஏன் பணம் தங்கவில்லை என்பதற்கு வந்தார். சொத்து வாங்க விடாமல் தடுத்தார்கள், தொழில் தொடங்கக் கடன் கொடுக்கவில்லை, வீட்டுக் கடனும் கிடைக்கவில்லை, தொழிற்சங்கத்திலும் போலீஸ், தீயணைப்பு வேலைகளிலும் சேர்க்கவில்லை. அதனால் பிள்ளைகளுக்கு விட்டுப்போக அவர்களிடம் ஒன்றும் சேரவில்லை என்றார். பிள்ளைகள் எல்லோரும் இந்த இடத்தைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். முதல் எப்படி வட்டியாகிறது, வட்டி எப்படி மறுபடி முதலாகிறது, அது தலைமுறை தாண்டி எப்படி வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் கல்லூரியாகவும் நிற்கிறது என்பதைச் செட்டிநாட்டுப் பிள்ளைக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த முதலே கையில் வராத குடும்பம் என்னவாகும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. வெள்ளைக்காரர்களின் கோபத்தைப் பற்றியும் பேசினார். உழைத்து உழைத்துக் கடைசியில் வேலை வெளிநாட்டுக்குப் போய், ஓய்வூதியமும் இல்லாமல் நிற்கிறவன், தான் செய்யாத தப்புக்காகத் தன் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறபோது அவனுக்குக் கோபம் வருகிறது. அவனை வெறியன் என்று சொல்லிவிட்டுப் போனால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும் என்றார்.

பாதிரியாரைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். அவர் பேசியது தப்பு, ரொம்பத் தப்பு என்று தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, கறுப்பின மக்களை எப்படி என்னால் கைகழுவ முடியாதோ, அப்படியே இவரையும் முடியாது என்றார். தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டியையும் கைகழுவ முடியாது என்றார். உலகத்தில் வேறெதையும் நேசிக்கிற அளவுக்குத் தன்னை நேசித்த அந்தப் பாட்டி, தெருவில் எதிரே வரும் கறுப்பு ஆண்களைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னதையும், இனத்தைப் பற்றித் தான் கூசும்படி பலமுறை பேசியதையும் நாடே கேட்கச் சொன்னார். பாட்டி அப்போது உயிரோடு இருந்தார். பேரன் ஜெயித்த தேர்தலுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால்தான் காலமானார்.

இந்த இடத்தை வாசித்தபோது வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, “அப்ப அந்தப் பாட்டிக்கு அவரு வளர்ந்து தெருவுல எதிர வந்தாலும் பயமா இருக்குமா டீச்சர்?” என்று கேட்டாள். கண்மாய்க்கரைக் காலனியிலிருந்து வந்து படித்த பிள்ளை. அவளுடைய பாட்டி எங்கள் ஊர் வீடுகளில் வேலை செய்தவர். வேறு எந்தப் பிள்ளைக்கும் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியது. பாதிரியாரும் பாட்டியும் மற்றப் பிள்ளைகளுக்குக் கதைமாந்தர்கள். அவளுக்கு அந்தப் பேச்சில் தான் நிற்கிற இடம் எது என்று தெரிந்திருந்தது.

அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கக்கூடிய ஒரு பேச்சைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

மேடைப் பேச்சுக்கு இந்த மண்ணில் பஞ்சமே கிடையாது. சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. பட்டிமன்றம் கேட்டே வளர்ந்த ஜனங்கள் நாங்கள். நல்ல பேச்சு எது, பூச்சுப் பேச்சு எது என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் சாதியைப் பற்றிப் பேசுவதில்லை என்று நான் சொல்லவே இல்லை. சாதி ஒழிய வேண்டும் என்கிறீர்கள், சமூக நீதி என்கிறீர்கள், பெரியார் பெயரையும் அம்பேத்கர் பெயரையும் தவறாமல் சொல்கிறீர்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் கேட்ட எந்தப் பேச்சிலும் அந்தச் சாதி பேசுகிறவரின் வீட்டில் இருந்ததில்லை. அது எப்போதும் வேறு யாரிடமோ, பழைய காலத்திலோ, பக்கத்து மாவட்டத்திலோதான் இருக்கிறது. மேடையிலிருந்து இறங்கியதும் மட்டும் உங்கள் கையில் இருக்கும் பட்டியலில் தெருவாரியாக அது வந்துவிடுகிறது. எந்தத் தொகுதியில் எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு, அதற்கு யாரை நிறுத்துவது என்ற கணக்கு இல்லாமல் ஒரு வேட்பாளர் பட்டியலும் வெளிவருவதில்லை என்பது டீக்கடையில் இருப்பவருக்கும் தெரியும். எங்கள் முகப்பில் உட்கார்ந்தால் நகரத்தாரின் தர்மத்தையும் வள்ளல் அழகப்பரையும் புகழ்கிறீர்கள். நாட்டார் ஊருக்குப் போனால் வீரப் பரம்பரை என்கிறீர்கள். காலனிக்குப் போனால் அண்ணலின் படத்துக்கு மாலை போடுகிறீர்கள். மூன்றும் பொய்யில்லை. ஆனால் ஓர் இடத்தில் சொன்னதை அடுத்த இடத்தில் சொல்ல உங்களால் முடிவதில்லை. தெருவுக்கு ஒரு பேச்சு வைத்திருக்கிறவர்களிடம் ஊருக்கென்று ஒரு பேச்சு இல்லாமல் போய்விட்டது.

நீங்கள் உங்கள் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் முதலில் நான் என் வீட்டைச் சொல்ல வேண்டும்.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நேராகப் போய்ப் பின்வாசலில் முடிகிறது. முன்வாசலில் நின்று பார்த்தால் எல்லாக் கதவும் திறந்திருக்கும்போது பின்தெரு வெளிச்சம் தெரியும். வெளியூர்க்காரர்கள் வந்து இதைத்தான் ஆச்சரியமாகப் படம் எடுக்கிறார்கள். அந்த நீளத்தில் யார் எதுவரை வரலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. பின்தெருவிலிருந்து வந்தவர்கள் பின்கட்டைத் தாண்டியதில்லை. எங்கள் அப்பத்தா, நெல் புடைக்க வந்த கிழவிக்குத் தண்ணீர் கொடுக்கும்போது செம்பைக் கையில் தரமாட்டார். கிழவி குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயோடு வைத்துக்கொள்ளும். அப்பத்தா படியில் நின்றபடி மேலேயிருந்து ஊற்றுவார். முழங்கை வழியாகத் தண்ணீர் வழிந்து சேலையெல்லாம் நனையும். அந்தக் கிழவியின் மகள் கல்யாணத்துக்கு நகையும் சேலையும் வாங்கிக் கொடுத்ததும் அப்பத்தாதான். அதுவும் அந்தப் படியில் நின்றுதான், மேலேயிருந்துதான்.

எங்கள் சொந்தக்காரர்கள் இந்தக் கதையில் சேலை வாங்கிக் கொடுத்ததை மட்டும் சொல்வார்கள். அப்பத்தா என்னைத் தூக்கி வளர்த்தவர். அவரிடம்தான் நான் தமிழ் எழுத்துக் கற்றேன். அவரை நான் விட்டுக்கொடுக்க முடியாது. படியில் நின்று தண்ணீர் ஊற்றிய அப்பத்தாவை மறைத்துவிட்டு நல்ல அப்பத்தாவை மட்டும் படம் போட்டு மாட்டுவதும் என்னால் ஆகாது.

சரி, பர்மாவுக்கு வருகிறேன். இனம் என்ற சங்கதி எங்கள் ஆட்களுக்கு அமெரிக்காவிலிருந்து படித்துத் தெரிய வேண்டியதே இல்லை. கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, கடல் தாண்டிப் போன இடத்தில் நேராகவே பார்த்தார்கள். கடை எடுபிடியான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகி, கிட்டங்கி என்ற கடைக் கட்டடத்தில் பாய் விரித்துப் படுத்துச் சம்பாதித்த பாட்டன்மார்களின் கதை எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் கதையில் தேக்கு வரும், வைரம் வரும், இரங்கூன் கடைத்தெரு வரும். நெல் விளைவித்த பர்மாக்கார விவசாயி வரமாட்டான்.

அவன் இல்லாமல் அந்தக் கதை புரியாது. கீழ்ப் பர்மாவின் சதுப்புக் காட்டை வயலாக்கியதில் பெரும் பங்கு செட்டியார் கடைகளின் கடனுக்கு உண்டு. ஐரோப்பிய வங்கிகள் திரும்பிக்கூடப் பார்க்காத விவசாயிக்குப் பணம் கொடுத்தவர்கள் இவர்கள். 1930ஐ ஒட்டி உலகமெங்கும் பொருளாதாரம் சரிந்து நெல் விலை பாதாளத்துக்குப் போனது. கடனைத் திருப்ப முடியாமல் நிலம் நிலமாகக் கடைகளின் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார் கையில் இருந்தது. 1938க்குள் அது 25 ஆனது. நிலத்தை வைத்து என்ன செய்வது, எங்களுக்குப் பணம்தான் வேண்டும் என்றுதான் கடைக்காரர்கள் நினைத்தார்கள். அதுவும் உண்மை. ஆனால் சொந்த வயலில் குத்தகைக்காரனாகிப் போனவனுக்கு அந்த உண்மையால் என்ன ஆறுதல்? பர்மிய அரசியல்வாதிகள் மேடையேறிச் செட்டியாரை வில்லனாக்கிப் பேசினார்கள். செட்டியார் என்று ஆரம்பித்தது இந்தியன் என்று போய், கறுத்தவன் எல்லோர் மேலும் பாய்ந்தது.

1930 மே மாதம் இரங்கூனில் கலவரம் வெடித்தபோது செத்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலிகள். கடன் பத்திரம் எதிலும் அவர்கள் கையெழுத்து இல்லை. இனத்தின் பேரில் எழும் கோபம் பெட்டகத்தைத் தேடிப் போவதில்லை, கைக்கு எட்டுகிறவனைத்தான் அடிக்கிறது. பிறகு 1938இல் மறுபடி கலவரம், 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது காடு மலை தாண்டி நடந்தே வந்த கூட்டம், 1962க்குப் பிறகு ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில் கடைகளும் நிலமும் அரசுடைமை, கட்டின துணியோடு கப்பல். காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதி இருப்பது உங்களுக்குத் தெரியும், அங்கேயும் வாக்குக் கேட்டிருக்கிறீர்கள்.

அதே 1930. இந்த ஊர்களெல்லாம் அப்போது இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. அந்த வருஷம் டிசம்பரில் ஜில்லாவின் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டதை, 1931 குடிக்கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் எழுதிவைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. அடுத்த வருஷம் அது பதினொன்றாக வளர்ந்தபோது, பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அங்கே இரங்கூனில் அந்நியன் என்று அடிபடும் பயத்தில் எங்கள் ஆட்கள் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷத்தில், இங்கே அவர்கள் கட்டிய வீடுகளுக்குப் பின்தெருவில் இருந்தவர்களுக்கு உடுத்திக்கொள்ளும் துணிக்கே அளவு போட்டார்கள். அந்தத் தடைகளை நகரத்தார் போடவில்லை. போட்டவர்களை எதிர்த்து நகரத்தார் திரண்டதாகவும் நான் எங்கும் படித்ததில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பள்ளிப் பாடத்திலும் அது கிடையாது. நான் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொன்னேன்.

இனமும் சாதியும் ஒன்றில்லை என்று உங்களில் படித்தவர்கள் சொல்வீர்கள். ஒன்றில்லைதான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரை நிறத்தை வைத்து இன்ன சாதி என்று சொல்ல முடியாது. அதனால்தான் ‘எந்த ஊரு’ என்று கேட்டு, அப்புறம் ‘அங்க எந்தத் தெரு’ என்று கேட்கிறோம். சாமியின் பேரையும் சாஸ்திரத்தின் பேரையும் சொல்லி நிற்பது சாதி. ஆனாலும் இந்த இரண்டின் வலியையும் அனுபவித்தவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். 1946இல் அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனுக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதன் பிரதி வேண்டும் என்று அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்ஸ் பதிலும் போட்டார். எனவே பிலடெல்பியாப் பேச்சுக்கும் காரைக்குடிக்கும் என்ன சம்பந்தம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஒபாமா பேச்சில் எனக்கு முழு உடன்பாடு என்றும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு தரப்புக் கோபத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை என்பது போல ஒரு தோற்றம் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக நிலமும் எழுத்தும் மறுக்கப்பட்டவனின் கோபமும், இட ஒதுக்கீட்டால் தன் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் போய்விட்டது என்கிறவனின் கோபமும் ஒரே எடையில்லை. இரண்டாவது கோபத்தையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், அதுவரை அவர் சொன்னது சரி. கேட்ட பிறகு எது கனமானது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு பேசுகிறவருக்கு இருக்கிறது.

அவர் தேர்தலுக்காகத்தான் பேசினார் என்பீர்கள். ஆமாம், போட்டியே கைவிட்டுப் போய்விடும் என்ற நிலையில்தான் பேசினார். கைகழுவ மாட்டேன் என்ற பாதிரியாரை ஆறு வாரத்தில், அவர் மறுபடி பத்திரிகைக்காரர்கள் முன்னால் பேசியபின், விலக்கினார். மே மாதக் கடைசியில் அந்தத் தேவாலயத்திலிருந்தும் விலகினார். ஜனாதிபதியாகி எட்டு வருஷம் இருந்தும் இனவெறி ஓயவில்லை. 2015இல் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்த ஒன்பது கறுப்பர்களை ஒருவன் சுட்டுக் கொன்றான். ஒரு பேச்சு எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை. நெருக்கடி வந்தபோது வாயை மூடிக்கொள்ளாமல், ஆளுக்கொரு பேச்சு பேசாமல், தன் பாட்டியையே சாட்சிக்கு இழுத்துக்கொண்டு வந்து நின்றாரே, அது தேர்தலுக்காக என்றாலும் எனக்கு மதிப்புத்தான். உங்களுக்கும் தேர்தல் வருகிறது. நெருக்கடிக்கும் இங்கே குறைவில்லை.

கண்டதேவிக்கு வருகிறேன். தேவகோட்டைக்குப் பக்கத்தில், சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில். உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்று நான்கு நாடுகளின், அதாவது ஊர்த் தொகுப்புகளின், நாட்டார்களுக்கு அங்கே மரியாதை. தேர் வடத்தைத் தலித்துகளும் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை 1990களின் கடைசியில் நீதிமன்றம் போனது. அதிலிருந்து வழக்கு, தடை, ஊரடைத்த போலீஸ், ஓடாத தேர் என்று வருஷங்கள் போயின. கடைசியில் 2024 ஜூனில், உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, பெரும் போலீஸ் பாதுகாப்போடு தேர் ஓடியது. அந்த நான்கில் ஒன்றான உஞ்சனையில்தான் 1979இல் அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புத் தகராறில் தலித்துகள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள் என்பது உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். இளையவர்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வருஷங்கள் முழுக்க நீதிபதிகள் பேசினார்கள், கலெக்டர்கள் பேசினார்கள், ஆர்டிஓ அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் நடந்தது. வாக்கு வாங்கி ஜெயித்தவர்களில் யாராவது ஒருவர், தேரடியில் நின்று, நான்கு நாட்டாரையும் காலனிக்காரர்களையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, ‘எங்கள் ஐயா காலத்தில் எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது, அது தப்பு, இந்த வடத்தை எல்லோரும் பிடிப்போம்’ என்று சொல்லியிருந்தால்? நாட்டாருக்கும் ஒரு மனக்குறை உண்டு. இந்த மரியாதை ஒன்றுதான் எங்களிடம் மிச்சம், நிலமும் போச்சு, கண்மாயில் தண்ணீரும் போச்சு, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அவர்களில் ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். அந்த வருத்தத்தையும் மேடையில் சொல்லுங்கள். தண்ணீருக்கும் வேலைக்கும் நீங்கள் வழி செய்ய வேண்டும், அதற்குப் பதிலாக வடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள விடக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பேசினால் தோற்றுவிடுவோம் என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பயந்து பேசாமலிருந்தவர்களின் மண்ணாக இது எப்போதும் இருந்ததில்லை. பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா சிராவயலில் ஆசிரமம் நடத்தினார். 1927இல் காந்தி அங்கே வந்து அவரைப் பார்த்தார். குன்றக்குடி அடிகளார் ஓர் ஆதீனத்தின் தலைவராக இருந்துகொண்டு, 1982இல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவர் கலவரம் மூண்டபோது சமாதானம் பேச நேரில் போனார். கடவுள் இல்லை என்ற பெரியாரோடு நட்பாக இருந்தார். மடத்துக்கு உள்ளேயிருந்தே அவரால் அப்படிப் பேச முடிந்தது என்றால், ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு முடியாதா?

எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் வீட்டுக் கிழவிகளிடம் கேளுங்கள். உங்கள் அப்பத்தாவோ ஆயாவோ அம்மாயியோ, யார் இருக்கிறார்களோ அவர்களிடம். பின்வாசலுக்கு யார் வந்தார்கள், அவர்கள் பேர் என்ன, எதில் சாப்பாடு போட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள், நாம்தான் கேட்பதில்லை. அதே மாதிரி காலனியிலிருந்து வருகிற வேட்பாளர் இருந்தால், தன் பாட்டி எந்த வாசலில் நின்றார் என்பதைப் பொதுத் தொகுதி மேடையில் சொல்லட்டும். பக்கத்து மானாமதுரை தனித்தொகுதியாக இருப்பதால்தான் அங்கே அப்படி ஒருவர் நிற்கிறார். காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ ஒரு பெரிய கட்சி அப்படி ஒருவரை நிறுத்துமா என்பதையும் தலைவர்கள் யோசிக்க வேண்டும். யோசித்து, முடியாது என்றால் ஏன் முடியாது என்றாவது வெளியே சொல்லுங்கள்.

இடம் நான் சொல்கிறேன். ஐந்து விளக்கு வேண்டாம், அங்கே கட்சிக்காரர்கள்தான் வருவார்கள். மகர்நோன்புப் பொட்டலில் வையுங்கள். எந்தத் தெருவிலிருந்தும் நடந்து வந்துவிடலாம். கட்சிக்கொடி இல்லாமல், ஊர்வாரியாக வேன் பிடித்து ஆள் இறக்காமல், எல்லா வேட்பாளரும் ஒரே நாளில் பேசுங்கள். நாற்காலி போடுவதானால் எல்லோருக்கும் போடுங்கள், முன்வரிசையில் பெயர் எழுதி வைக்காதீர்கள். பெண்கள் வந்து உட்கார வசதியாக ஐந்து மணிக்கே தொடங்குங்கள். கேள்வி கேட்கக் கூட்டத்துக்குள் ஒரு மைக் இருக்கட்டும். என் பழைய மாணவி, அந்தப் பாட்டியைப் பற்றிக் கேட்டவள், இப்போது இரண்டு பிள்ளைகளோடு இதே ஊரில்தான் இருக்கிறாள். அவளையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளர்,
காரைக்குடி